மஞ்சள் வைத்த துடைதுணி

அழுக்குத் துணி போடுவதற்கென்று வைத்திருந்த நீலப் பீப்பாய் காலியாக இருந்தது. கலாவதி எட்டிப் பார்த்தாள். நம்பாமல் கையை உள்ளே விட்டு அடிவரை துழாவினாள். விரலில் கொஞ்சம் தூசி ஒட்டியதுதான் மிச்சம். அவளுக்குப் பின்னால் சோப்பும் வாளியும் வெந்நீர்த் தவலையுமாகத் துவைக்க வந்து நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன வாரமும் இதே கதைதான். அழுக்கே படாத பஸ் டெப்போ உலகத்துலயே இது ஒண்ணுதாம்மா இருக்குது," என்றாள் கிருஷ்ணவேணி. அவள் குழுவிலேயே வாய்த்துடுக்கானவள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். கலாவதி சிரிக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்றிருந்த ஆராவமுதனும் சிரிக்கவில்லை.

ஆராவமுதன் அரசுப் பேருந்து வாரியத்தின் காஞ்சிபுரம் கோட்ட அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். டயர் முதல் குண்டூசி வரை வாரியம் வாங்கும் எதுவும் அவர் மேஜையைத் தொடாமல் போகாது. சின்ன காஞ்சிபுரத்துக்காரர். காலையில் வரதரைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண்ணோடு அலுவலகத்துக்கு வருவார். அதிர்ந்து பேசிக் கேட்டவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர் இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காரியத்தைத் துணிந்து தொடங்கி வைத்திருந்தார். அது இப்போது காலிப் பீப்பாயாக அவர் எதிரே நின்றது.

நடந்தது இதுதான். டயர்க் கணக்கு ஒன்றைச் சரிபார்க்க முந்தைய ஐப்பசியில் அவர் வாலாஜாபாத் சாலையில் இருந்த இந்தப் பணிமனைக்கு வந்தார். மதிய நேரம். பணிமனையின் பின்புறம் ஒரு குழியில் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. இயந்திரங்களின் எண்ணெயையும் மசகையும் துடைத்த கழிவுநூலைத்தான் எரித்துக்கொண்டிருந்தார்கள். நூற்பாலைகளில் மிஞ்சும் சிக்கு நூல் அது. பணிமனையில் அதற்கு 'வேஸ்ட்' என்றே பெயர். மூட்டை மூட்டையாக வரும், ஒருமுறை துடைத்தால் குழிக்குப் போகும். மதிலுக்கு அப்பால் ஓர் அங்கன்வாடி. காற்று அந்தப் பக்கமாக அடித்தது. அங்கே ஆயா வேலை பார்த்த பெண், சோற்றுப் பானையின் மேல் தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் தன் முந்தானையையும் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். ஆராவமுதன் மதிலோரம் நின்று பார்ப்பதைக் கண்டு, "கரி விழுது சார், வேற ஒண்ணும் இல்ல. பசங்களுக்குப் பழகிப் போச்சு," என்றாள்.

'பழகிப் போச்சு' என்று அவள் சொன்னது அவரைத் தூங்கவிடவில்லை.

சென்னைத் தலைமையகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை ஒன்று அப்போது அவர் நினைவுக்கு வந்தது. மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் கேடு குறைவான பொருளாகப் பார்த்து வாங்குங்கள், திரும்பத் திரும்பப் பயன்படுவதை வாங்குங்கள், பக்கத்திலேயே கிடைத்தால் தூரத்திலிருந்து வரவழைக்காதீர்கள் என்று அது சொன்னது. எல்லாரும் படித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், கோப்பில் வைத்தார்கள். சுற்றறிக்கைகளுக்கு அந்த மரியாதை வழக்கமாக உண்டு. ஆராவமுதன் மட்டும் அதைக் கோப்பிலிருந்து வெளியே எடுத்தார். எரிக்கும் வேஸ்ட்டுக்குப் பதிலாகத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துடைதுணி வாங்கலாம் என்று எழுதிப் போட்டார்.

பிள்ளையார்பாளையத்து மகளிர் குழு ஒன்று அதற்கு முன்வந்தது. கலாவதி அதன் தலைவி. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரியிடமிருந்து பருத்திப் புடவையும் வேட்டியும் வாங்கி, வெள்ளாவி வைத்து, வெட்டி, இரண்டாக மடித்து, நான்கு ஓரமும் தைத்துக் கொடுப்பார்கள். வாரம் ஒருநாள் பணிமனைக்கே வந்து துவைத்துத் தருவார்கள். பஸ் கழுவும் இடத்தில் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி ஒன்று ஏற்கெனவே இருந்ததால் துவைத்த நீரால் யாருக்கும் கெடுதல் இல்லை. மாதிரித் துணியை ஆராவமுதன் கசக்கிப் பார்த்தார், எண்ணெயில் நனைத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். பிறகு ஒன்றை உறையிலிட்டு முத்திரை வைத்துக்கொண்டார். வாரியம் எதை வாங்கினாலும் வருவது மாதிரியைப் போலவே இருக்க வேண்டும்.

தலைமையகம் மூன்று மாதச் சோதனைக்கு அனுமதி கொடுத்தது. துணி அழுக்காகி, துவைக்கப்பட்டு, திரும்பவும் வேலைக்கு வந்தால் எல்லாப் பணிமனைகளுக்கும் இதே ஏற்பாடு. இல்லையென்றால் பழையபடி வேஸ்ட், பழையபடி குழி, பழையபடி புகை. இதை நம்பிக் கலாவதியின் குழுவில் பாதிப் பெண்கள் ராட்டையில் பட்டு நூல் சுற்றப் போவதை நிறுத்தியிருந்தார்கள். "வாரியம் கைவிடாதும்மா," என்று ஆராவமுதன்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது துணி கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. கிடங்கிலிருந்து போன துணி பீப்பாய்க்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார்.

"இதுல மர்மம் என்ன சார் இருக்குது? எடுத்துக்கினு போயிட்டானுங்க," என்றார் கிடங்குக் காப்பாளர் கண்ணாயிரம். பெயருக்கேற்ப எல்லார் மேலும் ஒரு கண் வைத்திருப்பவர். "நல்ல துணி, மெத்துன்னு தச்சிருக்குது. வேஸ்ட்டை எவன் வூட்டுக்குத் தூக்கினு போவான்? துணின்னா தூக்குவான். வாசல்ல நிறுத்திப் பையைச் சோதனை போடுங்க, எல்லாம் வெளிய வரும்."

"வேண்டாம் கண்ணாயிரம். நாளைக்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாமா?"

"நீங்க முகத்தைப் பாருங்க. அந்த சென்னை அம்மா பீப்பாயைப் பார்ப்பாங்க."

அதில் உண்மை இருந்தது. ஆராவமுதன் பஸ் பழுதுபார்க்கும் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து தஸ்தகீர் என்ற மெக்கானிக் வெளியே வந்தார். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. பழைய செய்தித்தாள் ஒன்றைக் கிழித்துத் துடைத்தார். தாள் நைந்து கையோடு ஒட்டிக்கொண்டது. மிச்சத்தைக் காக்கிக் கால்சட்டையிலேயே தேய்த்துக்கொண்டார். அவர் கழுத்தில் பளிச்சென்று ஒரு துடைதுணி தொங்கியது, ஒரு சொட்டு எண்ணெய் படாமல்.

"கழுத்துல துணியை வெச்சுண்டு கால்சட்டையில துடைக்கிறீங்களே தஸ்தகீர்?"

தஸ்தகீர் திருடிப் பிடிபட்ட குழந்தையைப் போல விழித்தார். "அது... வேர்வைக்கு வெச்சிருக்கேன் சார்."

"துணி சரியில்லையா? எண்ணெய் உறிஞ்சலையா?"

"அய்யய்யோ, துணிய ஒரு கொற சொல்லக் கூடாது சார். ஏ ஒன் துணி."

சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனார். ஆராவமுதன் அடுத்தவரைக் கேட்டார், அவரும் துணியைப் புகழ்ந்தார். இன்னொருவர் புகழ்ந்துகொண்டே வண்டிக்கு அடியில் போய்விட்டார். குறை சொன்னால் சரிசெய்யலாம். புகழ்கிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாப்பாட்டு மணி அடித்தது. ஆட்கள் வேப்பமரத்தடிக்கு வந்து தூக்குகளைப் பிரித்தார்கள். பார்த்தால், தூக்குகள் துடைதுணியில்தான் கட்டியிருந்தன. ஓட்டுநர் ஒருவர் ஸ்டீயரிங்குக்கு மேல் சாமி படத்துக்குக் கீழே ஒன்றை மடித்து விரித்திருந்தார். பணிமனை வாசலில் இருந்த பிள்ளையார் இடுப்பிலேயே ஒன்று வேட்டியாகச் சுற்றியிருந்தது. ஆராவமுதன் பிள்ளையார் அருகே போய்க் குனிந்து பார்த்தார். துணியின் மூலையில் விரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் இருந்தது.

தஸ்தகீரின் கழுத்துத் துணியைக் கேட்டு வாங்கினார். அதிலும் மூலையில் மஞ்சள். தூக்குகளில் கட்டியிருந்த ஒவ்வொன்றிலும் மஞ்சள்.

"இது என்ன கறை?" என்று கேட்டவர், கேட்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். புதுத் துணி எடுத்தால் மூலையில் மஞ்சள் தொட்டுக் கொடுப்பதும் உடுத்துவதும் அவர் வீட்டிலும் உள்ள வழக்கம்தானே.

ஃபோர்மேன் மயில்வாகனம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். பணிமனையில் அவர் சொல்தான் சட்டம். "நானே சொல்லிடறேன் சார். இவனுங்க மேல தப்பு இல்ல. வாயைத் தொறக்காதீங்கடான்னு சொன்னது நான்தான்."

"என்னத்தைச் சொல்லக் கூடாதுன்னீங்க?"

"மொத நாளு கட்டைப் பிரிச்சோம் சார். பார்த்தா ஒவ்வொண்ணுலயும் மஞ்சள். ஒண்ணு விடாம வெச்சிருக்குது அந்தம்மா. எங்க தங்கச்சி தீபாவளிக்கு வேட்டி வெச்சிக் குடுக்குற மாதிரி இருந்துச்சு. அதுல எப்படி சார் கிரீஸ் தொடைக்கிறது? கை வரல."

"எங்க வூட்டுல கூடச் சொல்லிச்சி சார்," என்றார் தஸ்தகீர். "ஒருத்தங்க நல்ல மனசோட துவா பண்ணிக் குடுத்திருக்காங்க, அதுல போயி அழுக்கைத் தொடைக்காதேன்னு."

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மயில்வாகனம்."

"சொன்னா நீங்க அந்தம்மாவைக் கேப்பீங்க. மாதிரியில மஞ்சள் இல்ல, நீ ஏன் வெச்சேன்னு ஆபீஸ்ல கேள்வி வரும். அது பொழைப்புல நாங்க ஏன் சார் மண்ணைப் போடணும்? அதான், பேப்பர்ல தொடைச்சிக்கலாம்னு இருந்துட்டோம்."

ஆராவமுதன் கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தார். "வந்த துணியை மாதிரியோடு ஒப்பிட்டு எடுத்துண்டது நீங்கதானே? மாதிரியில மஞ்சள் கிடையாதே."

"நீளம் பார்த்தேன், அகலம் பார்த்தேன், தையலை இழுத்துப் பார்த்தேன்," என்றார் கண்ணாயிரம். "மஞ்சளை யாரு சார் குறைன்னு எழுதுவாங்க?" பிறகு குரலை இறக்கி, "எங்க வூட்டுலயும் ஒண்ணு இருக்குது சார். சாமி படம் தொடைக்க எடுத்தாந்தேன். மஞ்சளோட இருந்துச்சா, அதுக்கு நல்லா இருக்கும்னு..." என்று இழுத்தார்.

"யோவ், பையைச் சோதனை போடச் சொன்னது நீதானே!" என்று மயில்வாகனம் கத்த, மரத்தடி முழுக்கச் சிரிப்பு எழுந்தது. கண்ணாயிரமும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

ஆராவமுதன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஆனால் சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது சிரிப்பு தேய்ந்துவிட்டது. யாரும் திருடவில்லை, யாரும் ஏய்க்கவில்லை. கலாவதி நல்லதை நினைத்து மஞ்சள் வைத்தாள். இவர்கள் நல்லதை நினைத்துத் துடைக்காமல் இருந்தார்கள். இரண்டு நல்ல மனமும் சேர்ந்து அந்தக் குழியில் மறுபடி நெருப்பு மூட்டப் போகின்றன. இதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதும்: 'துணியில் மஞ்சள் வைக்கக் கூடாது.' அலுவலகத்தில் தட்டச்சு செய்து அனுப்பிவிடலாம். அந்த வரியை எழுதத்தான் அவருக்குக் கை வரவில்லை.

வீட்டில் மனைவி ஸுபத்ராவிடம் சொன்னார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எழுதி மட்டும் போட்டுடாதேங்கோ," என்றாள். "காகிதத்துல போனா அதட்டலாப் போயிடும். நேர்ல போய்ச் சொல்லுங்கோ."

"என்னன்னு சொல்றது? மங்கலத்துக்கு வைக்கிறதை வைக்காதேன்னு நான் ஒரு பொம்மனாட்டிகிட்ட போய்ச் சொல்றதா? நெத்தியில இதை இட்டுண்டு?"

"நடந்ததைச் சொல்லுங்கோ. என்ன செய்யலாம்னு அவளே சொல்லட்டுமே. அவ துணிதானே?" என்றாள் ஸுபத்ரா. எழுந்து போய், மந்தாரை இலையில் இருந்த கோயில் இட்லியில் ஒரு துண்டைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாள். "வெறுங்கையோட போகாதேங்கோ."

மறுநாள் மாலை பிள்ளையார்பாளையத்தில் கலாவதியின் வீட்டைத் தேடிப் போனார். தெருவில் வீட்டுக்கு வீடு தறியின் கட்டை ஒலி. கலாவதி தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கத்தில் தைத்து முடித்த துணிகள் அடுக்கியிருந்தன. அவற்றின் அருகே ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் வாடியது.

"நான் தப்புப் பண்ணிட்டேனா சார்?"

"தப்பே இல்லேம்மா. யாருமே தப்புப் பண்ணலை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

கலாவதி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பழைய துணிதான் சார், தெரியும். ஆனா தச்சி முடிச்சா எனக்கு அது புதுத் துணி. வாசல் தாண்டிப் போற துணியில மஞ்சள் வெச்சே பழகின கை. அது மட்டும் இல்ல. எங்க வூட்டுக்காரரு பட்டுப் பொடவை எடுத்துக்கினு வாரா வாரம் உங்க பஸ்ஸுலதான் மெட்ராஸ் போறாரு. இந்தத் தெருவுல பாதி ஜனம் அதுலதான் போவுது. இந்தத் துணியால தொடைக்கிற வண்டியில ஏறுறவங்க பத்திரமா வூடு வந்து சேரணும், காமாட்சித் தாயேன்னு சொல்லிக்கினுதான் ஒவ்வொண்ணுக்கும் வெப்பேன்."

ஆராவமுதன் அடுக்கின் மேலிருந்த ஒரு துணியைக் கையில் எடுத்தார். இத்தனை வருடமாக அவர் வாரியத்துக்குப் பொருள் வாங்கியிருக்கிறார். விலைக்கு மேல் ஒரு பொருளோடு இப்படி ஒன்றும் சேர்ந்து வரும் என்று அவர் கண்டதில்லை.

"நீங்க வைக்க வேண்டாம்னு சொல்ல நான் வரலைம்மா," என்றார். "என்ன செய்யலாம்னு கேக்கத்தான் வந்தேன்."

கலாவதி அவர் கையிலிருந்த துணியை வாங்கி அடுக்கில் வைத்தாள். அடுத்த வீட்டுத் தறி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. "காலையில டெப்போவுக்கு வரேன் சார்," என்றாள்.

வியாழக்கிழமை காலை, முதல் வண்டிகள் கிளம்பிய பிறகு அவள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள், கையில் ஒரு துணிக்கட்டு இருந்தது. ஆராவமுதன் அவளைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தஸ்தகீர் கழுத்திலிருந்த துணியை அவசரமாக எடுத்துக் கையில் மறைத்தார்.

எஞ்சின் மூடி திறந்த ஒரு பஸ் நடுவில் நின்றது. கலாவதி நேராக அதன் முன்னால் போனாள். கட்டைப் பிரித்து மேலாக இருந்த துணியை எடுத்தாள். மூலையில் மஞ்சள் ஈரமாக இருந்தது. காலையில்தான் வைத்திருக்க வேண்டும். யாரும் தடுக்கும் முன், எஞ்சினின் பக்கவாட்டில் கட்டி கட்டியாக உறைந்திருந்த மசகின் மேல் அந்தத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒரு முறை, இன்னொரு முறை. மஞ்சள் கறுப்புக்குள் போய்விட்டது.

"அம்மா, அம்மா! இன்னாம்மா இது!" என்று மயில்வாகனம் ஓடி வந்தார்.

"எதுக்கு அண்ணே பதறுறீங்க? அழுக்குத் தொடைக்கத்தானே குடுத்தேன்?" என்றாள் கலாவதி. தேய்த்த கை நிற்கவில்லை. "ஒவ்வொண்ணுலயும் நான் வேண்டிக்கினு வெக்கிறது இந்த வண்டிக்காக. நீங்க அதைக் கழுத்துல போட்டுக்கினா வேண்டுதல் உங்க கழுத்தோட நின்னு போச்சு. சோத்துத் தூக்குல கட்டினா தூக்கோட போச்சு. வண்டியில தொடைச்சாத்தானே அண்ணே அது வண்டிக்குப் போயி சேரும்?"

கலாவதி துணியைத் திருப்பி மறுபக்கத்தாலும் தேய்த்தாள்.

திருமஞ்சனம் ஆனதும் பெருமாள் திருமேனியை ஒற்றி எடுக்கும் ஒற்றாடையை ஆராவமுதன் நினைத்துக்கொண்டார். அதுவும் துடைக்கிற துணிதான். அழுக்காகிவிடுமே என்று அதை யாரும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. துடைப்பதுதான் அதற்குக் கிடைத்த பேறு.

தஸ்தகீர்தான் முதலில் அசைந்தார். கையில் மறைத்த துணியை எடுத்துத் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துணி கறுத்தது. "மாஷா அல்லா, நல்லாத்தான் இழுக்குது," என்றார். "பத்து நாளா பேப்பரைத் தேய்ச்சித் தேய்ச்சிக் கையெல்லாம் எரிச்சல். இந்த ஃபோர்மேன் பேச்சைக் கேட்டேன் பாரு!"

"என் மேல போடு, எல்லாத்தையும்!" என்றார் மயில்வாகனம். தன் தூக்கைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ரேடியேட்டர் மூடியைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்குமுன் மஞ்சள் வட்டத்தை ஒரு கணம் கண்ணில் ஒற்றிக்கொண்டதை ஆராவமுதன் கவனித்தார்.

அன்று மாலையும் மறுநாள் காலையும் துணிகள் வீடுகளிலிருந்து திரும்பி வந்தன. துவைத்து, மடித்து, சிலது இஸ்திரி கூடப் போட்டு வந்தன. கண்ணாயிரம் தன் வீட்டுத் துணியை ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கட்டோடு கட்டாகச் சொருகினார்; பார்த்தவர்கள் பார்க்காததுபோல் இருந்தார்கள். பிள்ளையாரின் வேட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாரியத்தின் துணைமேலாளர் தேவகி சென்னையிலிருந்து வந்தார். நரைத்த தலை, கைத்தறிப் புடவை, எதையும் தொட்டுப் பார்த்து நம்பும் சுபாவம். காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே பீப்பாயிடம் போனார். மூடியைத் திறந்தார். பாதிக்கு மேல் எண்ணெய் நாற்றத்தோடு கறுத்த துணிகள். துவைக்கும் இடத்தைப் பார்த்தார், எண்ணெய் பிரியும் தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தார், துணி காயப் போடும் கொடியை இழுத்துப் பார்த்தார். பின்புறக் குழியையும் பார்த்தார். அதில் சாம்பலின் மேல் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. மதிலுக்கு அப்பால் அங்கன்வாடிப் பிள்ளைகள் சாப்பிடும் முன் கூச்சலாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கிடங்கில் புதுத் துணி ஒன்றை எடுத்து, முத்திரையிட்ட மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாதிரியில இது இல்லையே. என்ன இது, மூலையில?"

ஆராவமுதன் மறைக்கவில்லை. காலிப் பீப்பாயிலிருந்து ஆரம்பித்து, கலாவதி எஞ்சின் துடைத்தது வரை முழுவதையும் சொன்னார். தேவகி துணியைக் கையில் வைத்தபடியே கேட்டார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"மாதிரிக்கு மாறான பொருளை எடுத்துக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"உங்க குறிப்புல இந்த மஞ்சளைப் பத்தி எழுதாதீங்க." தேவகி துணியை மடித்தார். மடித்த பிறகுதான் உதட்டோரம் சிரிப்பு வந்தது. "எழுதினா அதை விவரக்குறிப்புல சேர்ப்பாங்க. அடுத்த டெண்டர்ல எவனாவது மஞ்சள் பெயிண்ட் வெச்சு அனுப்புவான். மாதிரிப்படி சரியாத்தான் இருக்குன்னு நீங்களும் எடுத்துக்க வேண்டி வரும்."

ஆராவமுதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

போகும்போது, துவைக்கக் குழுவோடு வந்திருந்த கலாவதியின் பக்கம் தேவகி திரும்பினார். "மத்த டெப்போவுக்கும் கேட்டா உங்களால ஆகுமாம்மா?"

"எங்க தெருவுல கைக்குக் குறைச்சல் இல்லீங்க," என்றாள் கலாவதி.

"அவங்க ஊருக்குப் பக்கத்துலயே குழு இருந்தா அவங்களும் செய்யட்டும். நீங்க போய்ச் சொல்லிக் குடுங்க. தையலை." ஒரு படி இறங்கி, நின்றார். "மஞ்சளை அவங்கவங்க இஷ்டத்துக்கு விட்டுடுங்க."

வண்டி வெளியே போனதும் பெண்கள் பீப்பாயைச் சூழ்ந்துகொண்டார்கள். கலாவதி கையை உள்ளே விட்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு துணியைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க சார், எவ்ளோ அழுக்குன்னு!" என்று கூவினாள். அழுக்கைப் பார்த்து ஒரு மனுஷி அப்படிச் சந்தோஷப்பட்டதை ஆராவமுதன் அதற்கு முன் கண்டதில்லை. கிருஷ்ணவேணி தவலைக்கு அடுப்பு மூட்டினாள். அந்தப் பணிமனையில் அன்று எழுந்த புகை அது ஒன்றுதான். வெந்நீர் கொதித்ததும் அதுவும் அடங்கிவிட்டது. பீப்பாயைக் கழுவும் இடத்துக்கு நகர்த்த ஆராவமுதனும் ஒரு பக்கம் கை கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் நுழைந்தார். வழக்கமாகக் கேட்பதற்கு அவரிடம் ஏதாவது இருக்கும். அன்று எதுவும் தோன்றவில்லை. அங்கன்வாடி ஆயாவின் முந்தானை, மயில்வாகனம் மறைத்து வைத்த விஷயம், கலாவதியின் கை, ஸுபத்ரா கட்டிக் கொடுத்த பொட்டலம், தேவகி எழுத வேண்டாமென்ற குறிப்பு என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு நின்றார். யாருக்கு நன்றி சொல்லத் தொடங்கினாலும் இன்னொருவர் நினைவுக்கு வந்தார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வரதருக்கே சொல்லிவிட்டு வந்தார்.

வாசலில் ஸுபத்ரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மசகு.

"என்ன கோலம் இது! இதோடயா கோயிலுக்குப் போனேள்? துடைச்சுக்க ஒரு துணி இல்லையா அங்கே?"

"இருக்கு," என்றார் ஆராவமுதன் செருப்பைக் கழற்றியபடி. "நிறைய இருக்கு, ஸுபத்ரா."